பெற்றோர் பக்கம்: செத்துப்போன ராஜாக்களின் கதையா?



மதிப்பெண் அட்டை வாங்கப் பள்ளிக்கு வந்த ஒரு தகப்பனார், சரித்திர வாத்தியாரான என்னிடம் ஒருமுறை கேட்டார்: "கணக்கும் அறிவியலும் படிச்சா வேலை கெடைக்கும். செத்துப்போன ராஜாக்கள் கதையைப் படிச்சி எம்மவன் என்ன சார் செய்யப் போறான்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போய், வெயில் ஏறிய பின் வீடு திரும்புகிறவர் அவர். ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குப் பார்க்கத்தானே செய்வார்? ஆனாலும் அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சான்றிதழ் விஷயம். 2013 முதல், எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி பெறாத மாணவருக்கு முழுச் சான்றிதழ் கிடையாது. மலாய் மொழிக்கும் இதே விதிதான். மற்றப் பாடங்களில் எத்தனை 'ஏ' வாங்கினாலும், இந்த இரண்டில் ஒன்று போனால் பதினோரு ஆண்டுப் படிப்பும் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். வரலாற்றை மட்டும் மறுபடி எழுத வழி உண்டு. ஆனால் ஒருமுறை மனம் விட்டுப்போன பிள்ளை திரும்பி வந்து எழுதுவது எளிதா?

சரி, வாத்தியார் என்னதான் செய்கிறார் என்று கேட்பீர்கள். காலை ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். எனக்கு ஐந்து வகுப்புகள். வகுப்புக்கு முப்பத்தைந்து பேர் என்றாலும், 175 நோட்டுப் புத்தகங்கள் திருத்த வேண்டும். வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவைக் கணினியில் ஏற்ற வேண்டும். மாலையில் சாரணர் அணிக்கோ திடலுக்கோ போக வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பது வீட்டில், இரவு உணவுக்குப் பிறகு.

இவையெல்லாம் உடம்புக்குத்தான் சிரமம். மனத்துக்குச் சிரமமானது வேறு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் வரலாற்றை மலாய் மொழியில் படிக்கிறான். சொல்லுக்குப் பொருள் தெரியாதபோது காரணம் எப்படிப் புரியும்? புரியாததை மனப்பாடம் செய்கிறான். தேர்வுக்கு முதல் நாள் மறந்து போகிறான்.

இதில் என் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். பாடத்தை முடிக்கும் அவசரத்தில், குறிப்புகளை வேகமாகச் சொல்லி எழுத வைத்த ஆண்டுகள் உண்டு. அப்போது கடைசி வரிசையில் ஒரு தோட்டத்துப் பையன். நான்காம் படிவம். நோட்டு வெற்றுத்தாளாக இருக்கும். ஏசினால் தலையைக் குனிந்துகொள்வான். 'பள்ளியை விட்டு நிற்கப் போகிறான்' என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்.

ஜப்பானியர் ஆட்சியைப் பற்றிய பாடம் வந்தது. அன்று குறிப்பு சொல்லவில்லை. "வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அந்தப் பையன் தானாக எழுந்து நின்றான். தன் பாட்டியின் தகப்பனாரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனதையும், அவர் திரும்பவே இல்லை என்பதையும் தட்டுத் தடுமாறி மலாய் மொழியில் சொன்னான். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1942க்கும் 1943க்கும் இடையில் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட அந்தப் பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து பல்லாயிரம் பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். பாடநூலில் சில வரிகளாக இருப்பது, அந்தப் பையன் வீட்டில் ஒரு பாட்டியின் கண்ணீராக இருந்தது.

அன்று முதல் அவன் நோட்டில் எழுத்து ஏறியது. ஐந்தாம் படிவத்தில் பெரிய மதிப்பெண் ஒன்றும் வாங்கிவிடவில்லை. தேர்ச்சி பெற்றான், சான்றிதழ் கைக்கு வந்தது. அது போதாதா?

பெற்றோர்களே, நாம் வெட்டிய மரத்துக்கும் சரித்திரம் உண்டு. 1877இல் இருபத்திரண்டு ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் அதைத் தோட்டப் பயிராக நட்டார். மரம் பெருகியது; பால் வெட்ட ஆள் வேண்டும் என்று கங்காணிகள் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு அவர்கள் வேறொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். இது செத்துப்போன ராஜாக்களின் கதையா? நம் தாத்தாக்களின் கதை அல்லவா?

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். 'அது உதவாத பாடம்' என்று பிள்ளையின் காதுபட மட்டும் சொல்லாதீர்கள். இரவில் கால் மணி நேரம், "இன்னைக்கு சரித்திரத்தில் என்ன படிச்சே? தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தனக்குப் புரியாததை அவனால் தமிழில் சொல்ல முடியாது. எங்கே தடுமாறுகிறான் என்பது அவனுக்கே தெரிந்துவிடும். மூன்றாவதாக, வீட்டில் முதியவர் இருந்தால், லயத்தையும் பிரட்டுக் களத்தையும் பற்றிப் பேத்தி பேரன்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. அவற்றை நினைவில் வைத்திருப்பவர்களும் குறைந்து வருகிறார்கள்.

அந்தத் தகப்பனார் நான் சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க ஆயா நெறையச் சொல்வாங்க சார். நான்தான் காது கொடுக்கல" என்றார்.

உங்கள் பிள்ளையாவது கேட்கட்டும். அடுத்த இதழில் சந்திப்போம்.