அச்சு மாற்றுமுன் கணக்கு, மாற்றியபின் பதிவு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேருக்கு மட்டுமன்று, நெல்மூடை சுமந்து வன்னிக் காட்டுப் பாதையில் உருளும் லொறிக்கும் அது பொருந்தும். வலியறிதலைப் பற்றிப் பேசவந்த வள்ளுவரும் வண்டியின் அச்சு முறிவதையே உவமையாகக் கையாண்டார். இத்துணைப் பழமையான அறிவுக்கு உரிமை கொண்டாடும் நாம், லொறியின் அச்சை மாற்றப் புகும்போது மட்டும் அவ்வறிவைக் கராஜ் வாசலிலேயே விட்டுச்செல்வது ஏன்?

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய், பூநகரிப் பகுதிகளில் கமஞ்செய்வோருக்கு நாம் கூறுவது புதிதாய் இராது. காலபோக அறுவடை தொடங்கும்போது மாரி மழையின் ஈரம் மண்ணை விட்டு முற்றாக நீங்கியிருப்பதில்லை. வயல் வரம்பிலிருந்து தார் றோட்டை அடையும்வரை களியும் பள்ளமும் வாய்க்காலுமே பாதை. தார் றோட்டுக்கென ஆக்கப்பட்ட சிறு லொறி அப்பாதையில் நோஞ்சான் மாடுபோல் படுத்துவிடுகிறது. எனவே, உரியவர் வேறொரு பெரிய லொறியின் பின்னச்சை வாங்கிப் பூட்டுகிறார்; பெரிய ரயர் போடுகிறார்; ஸ்பிறிங்குக்கு மேலும் இரு தகடு சேர்க்கிறார்; பெட்டியையும் பின்னால் நீட்டிக்கொள்கிறார்.

இதனை வீண் ஆடம்பரம் என்று கொழும்பில் இருந்துகொண்டு எள்ளுவது எளிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அவ்வைந்தாண்டுக் காலத்தில் பழைய லொறிக்கு ஏறிய விலையைக் கமக்காரன் அறிவான். அதற்கும் முன்னே, 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் கார்களை ஓடவைத்தவர்கள் எமது மெக்கானிக்குகள். அவர்களின் கைத்திறன் எவரிடமும் நற்சான்று வேண்டி நிற்பதன்று.

ஆயினும், கைத்திறன் வேறு, கணக்கு வேறு. கை மாற்றுகிறது, கணக்கே அம்மாற்றம் தாங்குமா என்று சொல்கிறது. அச்சு மாற்றம் கராஜில் தொடங்கும் வேலையன்று. அது கணக்கில் தொடங்கிப் பதிவில் முடியவேண்டிய வேலை என்பதே நமது துணிபு.

முதலில் நிறை

அச்சைத் தேடி பஞ்சிகாவத்தைக்குப் புறப்படுமுன், லொறியைத் தராசுப் பாலத்தில் ஏற்றுங்கள். வெறும் வண்டியின் முன்னச்சு நிறை, பின்னச்சு நிறை, அடுத்துச் சுமையேற்றிய வண்டியின் அவ்விரு நிறைகள் என நான்கு எண்கள் கையில் இருக்கவேண்டும். இவையின்றிப் பேசப்படும் அச்சு மாற்றம் குருடன் கையிற் கொடுத்த விளக்கு.

சுமை எவ்வளவு என்பதோடு அது எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். ஓர் உதாரணம் காட்டுவோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 3.2 மீற்றர், சுமை 4,000 கிலோ, சுமையின் மையம் பின்னச்சுக்கு 0.4 மீற்றர் முன்னால் விழுகிறது எனக் கொள்வோம். பின்னச்சு 3,500 கிலோவையும் முன்னச்சு 500 கிலோவையும் ஏற்கும். இனி, பெட்டியைப் பின்னால் நீட்டியதால் அதே சுமையின் மையம் பின்னச்சுக்கு 0.2 மீற்றர் பின்னால் போய்விட்டது எனக் கொள்வோம். பின்னச்சின் பங்கு 4,250 கிலோவாகிறது. முன்னச்சிலிருந்தோ 250 கிலோ நிறை கழிந்துவிடுகிறது. ஒரு மூடையும் கூட்டாமலே பின்னச்சுக்கு 750 கிலோ ஏறிற்று. முன் சில்லுகள் நிலத்தைப் பற்றும் பிடியும் குறைந்தது. குளக்கட்டு வளைவில் ஸ்ரியறிங் சொற்கேளாமற் போவதற்கு வேறென்ன காரணம் வேண்டும்?

வலுக்குறைந்த உறுப்பே எசமான்

பெரிய அச்சு போட்டேன், இனிப் பெரிய சுமை ஏற்றலாம் என்பாருளர். இது பெரும் பிழை. ஒரு லொறி தாங்கும் அளவை அதன் வலிமைமிக்க உறுப்பு நிர்ணயிப்பதில்லை. வலுக்குறைந்த உறுப்பே நிர்ணயிக்கிறது. அச்சு தாங்கினாலும் ரயர் தாங்குமா? ரயர் தாங்கினாலும் சசி தாங்குமா? சசி தாங்கினாலும் பிறேக் நிறுத்துமா? இக்கேள்விகளுள் ஒன்றுக்கேனும் இல்லை என்ற விடை வருமாயின், அவ்வில்லையே அந்த லொறியின் எல்லை.

அச்சுகளுக்குள்ளும் வகை உண்டு. ஒரு வகையில், சில்லைச் சுழற்றும் உள்தண்டே வண்டியின் நிறையையும் சுமக்கிறது. அத்தண்டு வெளிப்புறத்தே முறிந்தால் சில்லும் கழன்றோடும். மற்ற வகையில், நிறையை அச்சுக்குழாயின் மேலமைந்த பெயாரிங்குகள் தாங்க, உள்தண்டு சுழற்றும் வேலையை மட்டுமே செய்கிறது. தண்டு முறிந்தாலும் சில்லு தன்னிடத்தில் நிற்கும். மனிதரைப் பெட்டியில் ஏற்றிக் காட்டுப் பாதையிற் போகும் லொறிக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பதில் ஐயமில்லை. வாங்குமுன் எவ்வகை எனக் கேளுங்கள்; கேட்டால் போதாது, கழற்றிப் பாருங்கள்.

விகிதம் பொருந்தாவிடின்

டிபரன்ஷலின் பற்சக்கர விகிதத்தை நம்மவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. 30 அங்குல ரயரைக் கழற்றி 35 அங்குல ரயரைப் பூட்டினால், எஞ்சினுக்கு ஆறிலொரு பங்கு பளு கூடுகிறது. முன்பு 4.1 ஆக இருந்த விகிதம் ஏறத்தாழ 4.8 ஆனாலன்றி, பழைய இழுவை திரும்பாது. அப்படி மாற்றாதவர் கிளட்சை எரித்துப் பணத்தையும் எரிக்கிறார்.

மறுபுறம், மிகக் கூடிய விகிதமும் தீமையே. அமெரிக்க இராணுவத்தின் எம் 35 லொறியில் இருந்த றொக்வெல் அச்சின் விகிதம் 6.72. அந்நாட்டில் காடுமேடு ஏறும் வண்டிகளுக்கு அதனை விரும்பிப் பூட்டுவோர் பலர். 1 மீற்றர் உயர ரயரோடு, நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுழலும் டீசல் எஞ்சினுக்கு அதனைப் பூட்டினால், நேர் கியரில் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடாது. சேற்றில் அது வரம். ஏ 9 வீதியில் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைக்கு விரைபவனுக்கு அது சாபம். வண்டி எங்கே அதிகம் ஓடுகிறது என்று தீர்மானித்தபின்பே விகிதத்தைத் தீர்மானிக்கவேண்டும்.

நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் ஒரு விதி தவிர்க்கமுடியாதது. முன்னச்சின் விகிதமும் பின்னச்சின் விகிதமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். 1948இல் தோன்றிய லாண்ட் ரோவர் இதற்குத் தக்க பாடம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 109 அங்குலமான அதன் வண்டிகளில் பின்னச்சின் உள்தண்டு முறிவது பலரும் அறிந்த குறை. 1970களில் அவற்றுக்குச் சோல்ஸ்பரி என்னும் பருத்த பின்னச்சு வந்தது. அச்சு பருத்தது, விகிதமோ முன்னச்சுக்கு இசைய 4.7 ஆகவே நின்றது. இதனை உணராது, றேஞ்ச் ரோவரின் 3.54 விகிதத்தைப் பின்னே மட்டும் பூட்டி, நான்கு சில்லு இழுவையைப் போட்டால், முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக் கியர்ப்பெட்டியையே பிளக்கும்.

டிபரன்ஷலை ஒட்டிவிடும் வழக்கமும் கைவிடத்தக்கது. சேற்றில் ஒரு சில்லு வீணே சுழலாது என்பது மெய்யே. ஆனால், தார் றோட்டில் திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லைவிடக் கூடிய தூரம் ஓடியாக வேண்டும். அதற்கு இடங்கொடாத அச்சு ரயரைத் தின்னும், உள்தண்டை முறிக்கும், மழைநாளில் வண்டியை நேரே வெட்டைக்குள் இழுத்துச் செல்லும். வேண்டும்போது பூட்டவும் வேண்டாதபோது திறக்கவும் கூடிய அமைப்பே முறையானது.

நிறுத்த முடியாத வலிமை

ஓடும் வலிமையைப் பற்றிப் பேசுவோர் நிறுத்தும் வலிமையை மறந்துவிடுகின்றனர். புதிய அச்சின் பிறேக் பெரிதாயின், பழைய பிறேக் பம்பு அனுப்பும் எண்ணெய் அதற்குப் போதாமற் போகலாம். காற்றில் இயங்கும் பிறேக்கையுடைய அச்சை எண்ணெய்ப் பிறேக் லொறியில் பூட்டுவதோ தனி வேலை. முன்னும் பின்னும் பிறேக் பிடிப்பு ஒத்திசையாவிடின் வண்டி குறுக்கே சுழலும். இவற்றோடு, சுழல்தண்டின் நீளமும் சாய்வும், ஸ்பிறிங் முழுதும் அமுங்கியபோது தண்டு எங்கேனும் முட்டுகிறதா என்பதும், யூ போல்ட்டின் தடிப்பும், வெல்டிங் எங்கே செய்யப்பட்டது என்பதும் தாளில் எழுதப்படவேண்டும். எழுதப்படாதது செய்யப்படாதது எனக் கொள்வதே அறிவுடைமை.

முறிந்த அச்சை மாற்றலாம். மூடைகளின் மேல் அமர்ந்து வந்த கூலித் தொழிலாளியின் முறிந்த முதுகெலும்பை எந்தச் சந்தையில் வாங்கி மாற்றுவது?

சட்டத்தின் முன் நிற்கும்போது

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், ஒவ்வொரு வாகனத்தின் விபரமும் பதிவேட்டில் உண்டு. அவ்விபரத்தைப் பொய்யாக்கும் மாற்றத்தைத் திணைக்களத்துக்கு அறிவித்து அனுமதி பெறுவதே முறை. பின்னச்சைப் பெரிதாக்கிய அளவில் பதிவுப் புத்தகத்திலுள்ள நிறை தானாக உயர்ந்துவிடாது. வீதியில் மறிக்கும் பொலிசாருக்கும் நீதிமன்றத்துக்கும் புத்தகத்திலுள்ள எண்ணே எண்.

காப்புறுதியோ இன்னும் கண்டிப்பானது. அவ்வொப்பந்தம் முழு நல்லெண்ணத்தின்மேல் நிற்பது. ஆபத்தின் அளவை மாற்றும் மெய்ப்பொருளை மறைத்தவரின் கோரிக்கையை நிராகரிக்கக் கம்பனிக்கு வழி பிறக்கிறது. கடன்பட்டு வாங்கிய லொறி, அடகுவைத்த காணி, அறுவடைப் பணம் மூன்றும் ஒரே விபத்தில் போய்விடக்கூடும். தவணைப்பணம் கட்டினேனே என்று அப்போது புலம்பிப் பயனில்லை.

நாம் கேட்பது என்ன?

மக்களுக்குக் கடமையைச் சொன்னோம். இனி அரசுக்கும் அதன் கடமையைச் சொல்வோம். சட்டத்தை மதி என்று கட்டளையிடும் அரசு, மதிப்பதற்கான வழியையும் திறந்துவைக்கவேண்டும். 1987இல் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதே திருத்தம் வாகன அனுமதிக் கட்டணத்தை மாகாணத்துக்குரிய வருவாயாக்கியது. ஆண்டுதோறும் கட்டணம் வாங்க மாகாணத்துக்குத் தகுதி உண்டென்றால், மாற்றிய அச்சைப் பரிசோதித்து முடிவு கூற அதற்குத் தகுதி இல்லையா? பதிவும் மாற்ற அனுமதியும் மத்தியின் பிடியில் இருக்குமட்டும், நாரேஹேன்பிட்டியை நோக்கி நாட்கூலியையும் எரிபொருளையும் செலவிட அஞ்சும் கமக்காரன் பதியாமலே ஓடுவான். அவனை அவ்வழியில் தள்ளிய பொறுப்பு மத்திக்கும் உண்டு.

எனவே நாம் கேட்பவை மூன்று. எந்த மாற்றத்துக்கு எந்த ஆவணம், எந்த அளவீடு, எந்தப் பரிசோதனை தேவை என்பதைத் தெளிந்த தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் வைக்கவேண்டும். வடக்குக் கிழக்கின் ஒவ்வொரு மாவட்டத்திலும் பரிசோதகர் அவ்விடத்திலேயே, குறித்த நாட்களுக்குள், முடிவு கூறும் அதிகாரம் பெறவேண்டும். மறுப்பாராயின் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். காரணம் கூறாத மறுப்பு நிருவாகமன்று, எதேச்சாதிகாரம்.

இவை கிடைக்கும்வரை கைகட்டி நிற்பதா? கூடாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. பொறியியலாளர் கணக்குப் போடட்டும். மெக்கானிக் அக்கணக்கின்படி பூட்டட்டும். சட்டத்தரணி மனுவை எழுதட்டும். கமக்காரர் அமைப்புகள் பத்து லொறிகளின் கோவைகளை ஒன்றாய்க் கட்டித் திணைக்களத்தின் முன் வைக்கட்டும். தனியொருவன் நீட்டும் தாளை மேசையோரம் ஒதுக்கிவைக்க எழுதுவினைஞராலும் முடியும். நிறைச்சீட்டு, அளவுப்படம், பிறேக் பரிசோதனைச் சான்று யாவும் இணைத்த பத்துக் கோவைகளை ஒதுக்க ஆணையாளர் நாயகத்தாலும் எளிதில் இயலாது. ஒதுக்கினால் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வாதாட எம் தொழிலைச் சேர்ந்தோரும் இருக்கின்றனர்.

அடுத்த காலபோக அறுவடைக்கு முன் இவ்வேலை தொடங்கவேண்டும். முதற்படிக்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. தராசுப் பாலம் திறந்தே இருக்கிறது.