சாரலுக்கு வந்து சேருங்கள்

இந்தப் புத்தாண்டுக்கு என் செல்பேசியில் வந்து குவிந்த மனநல அறிவுரைகளை வரிவிடாமல் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் ஏறியது. அத்தனை அறிவுரைகளிலும் தேடினாலும் இன்னொரு மனிதர் இல்லை. காலையில் எழுந்து தனியாக உட்காருங்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள். நாட்குறிப்பில் நன்றி எழுதுங்கள். செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், உங்கள் மனநிலையை அது தினமும் கேட்டுக் குறித்துக்கொள்ளும். மனசு சரியில்லை என்றால் மதினியிடம் போய்ச் சொல்லுங்கள், பழைய சிநேகிதனைத் தேடிப்போய் அவன் வீட்டுத் திண்ணையில் அரைநாள் உட்காருங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

தூக்கம் வேண்டும், நடை வேண்டும், திரையைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் சரியான பேச்சுதான். மூச்சுப் பயிற்சியால் தெளிவு பெற்றவர்களை எனக்குத் தெரியும். என் ஆத்திரம் அதை அனுப்புகிற விதத்தின் மேல். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஃபார்வர்ட் செய்திகளோடு எனக்குள்ள பகை புதிதாக இருக்காது. தீபாவளிக்கும் இதைத்தான் எழுதினேன், பொங்கலுக்கும் எழுதுவேன். பெயரைக்கூடச் சொல்லி அழைக்காமல் இருநூறு பேருக்கு ஒரே நொடியில் தள்ளிவிடும் வாழ்த்து, அந்த இருநூறு பேரில் யாரையும் நாம் நினைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ‘உங்கள் மனதைப் பேணுங்கள்’ என்று அப்படி ஒரு செய்தி வரும்போது, ‘உன் மனசை நீயே பார்த்துக்கொள், எனக்கு நேரமில்லை’ என்றுதான் என் காதில் விழுகிறது.

விஷயம் சிறியதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் போவதே இல்லை. 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இயங்குகிறது. 14416 என்று அழுத்தினால் இரவானாலும் பகலானாலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். இவற்றையெல்லாம் விரிவாக எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் தென்காசிப் பக்கத்து ஆள் மனசைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேச்சு குற்றாலத்துக்குப் போகாமல் இருக்காது.

பித்துப் பிடித்தவரைக் கூட்டிப்போய்க் குற்றால அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் காலங்காலமாக இருக்கும் நம்பிக்கை. “ஒரு தடவை அருவியில தலையக் காட்டிட்டு வா, எல்லாம் சரியாப் போவும்” என்று இன்றைக்கும் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். மனச்சிதைவுக்கு அருவி மருந்தாகாது. அதற்கு மருத்துவர் வேண்டும், மாத்திரை வேண்டும், அதை விடாமல் எடுத்துக்கொள்ள வீட்டார் துணை வேண்டும். நம்பிக்கையின் பேரில் மனிதர்களைச் சங்கிலியில் கட்டிவைத்ததற்கு 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் என்ன விலை கொடுத்தோம் என்பதை மறக்கக் கூடாது. காப்பகத்தில் பிடித்த தீயில், தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அருவியில் நனைந்து வெளியே வருகிறவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கிறது, அது பொய்யில்லை. பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்து இறங்குகிற தண்ணீருக்கு அடியில் யாராலும் தனியாக நிற்க முடியாது. கம்பியைப் பிடிப்பார்கள், கம்பி எட்டாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் தோளைப் பிடிப்பார்கள். அவர் எந்த ஊர், என்ன சாதி, என்ன மொழி என்று கேட்க அந்த இரைச்சலில் வழியே கிடையாது. சபரிமலைக் கூட்டம் வருகிற கார்த்திகை, மார்கழி மாதங்களில் நாலு மாநிலத்து ஐயப்ப பக்தர்களும் உள்ளூர்க்காரர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். அந்த முகங்களில் உள்ள தெளிச்சியில் பாதி தண்ணீர் தந்தது, பாதி அந்தத் தோள்கள் தந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த ஒருவர் குற்றாலத்தில் வாழ்ந்தார். டி.கே.சி. என்று சொன்னால் இந்தப் பத்தியின் வாசகர்கள் சிரிப்பார்கள், ‘மறுபடியுமா’ என்று. மறுபடியும்தான். ஆண்டு பிறந்ததும் நான் முதலில் கையில் எடுக்கும் புத்தகம் அவருடைய கடிதத் தொகுப்பு. இந்த ஆண்டும் எடுத்தேன், எழுத நினைத்த கட்டுரை அதோடு போயிற்று.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் பிறந்து 1954 பிப்ரவரியில் மறைந்தவர். சட்டம் படித்தார், வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. சென்னை மாகாண மேலவையில் இருந்தார், இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்தார். இதையெல்லாம் இன்று யார் நினைக்கிறார்கள்? அவர் பெயர் நிற்பதற்குக் காரணம் அவர் ரசித்தார் என்பது. பிறர் எழுதிய பாட்டை, பிறர் பாடிய இசையை வாய்விட்டு, நேரம் பார்க்காமல், எதிரில் இருப்பவருக்கும் ஊட்டி ரசித்தார். கம்பனின் பாடல்களில் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கித் தள்ளியதில் எனக்குச் சம்மதமில்லை, அதை முன்பே எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் வைத்துக்கொண்ட பாடல்களைப் பற்றிப் பேசும்போது, படிக்கிறவனுக்கு அந்தப் பாட்டு தனக்கென்றே எழுதப்பட்டதாகத் தோன்றும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் வட்டமாக ஒரு தொட்டிக்கட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடினார்கள், வட்டத்தொட்டி என்ற பெயர் அப்படி வந்தது. பிற்காலத்தில் மாவட்ட ஆட்சியராக ஓய்வுபெற்ற தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானும், உயர் நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜனும் அந்தச் சபையில் உருவானவர்கள். பிறகு டி.கே.சி. குற்றாலத்துக்கு வந்தபோது சபையும் கூடவே வந்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். யாராலும் அறியப்படாத இளைஞர்களும் வந்தார்கள், அவர்களுக்கும் அதே இலை, அதே உபசாரம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலிலிருந்து, பின்னாளில் எழுத்தாளர்களாகப் பெயர்பெற்ற கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அப்படி வந்தவர்கள்தான்.

வர முடியாதவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். தினமும் எழுதினார். எதிரில் உட்கார்ந்து பேசுகிற தமிழில் அந்தக் கடிதங்கள் ஓடும். மலையில் மேகம் இறங்கியதைச் சொல்வார், சாரல் விழத் தொடங்கியதைச் சொல்வார், வந்தவர்கள் யார், என்ன சாப்பிட்டோம், எந்தப் பாட்டைப் பேசினோம் என்று சொல்வார். நீங்கள் இல்லையே என்பார், எப்போது வருகிறீர்கள் என்பார். அறிவுரை தேடினாலும் அகப்படாது. அந்தக் கடிதத்தை உறையிலிருந்து எடுத்துப் படித்த ஆளுக்கு, நூறு மைலுக்கு அப்பால் தன்னை ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்திருக்கும். இதைவிடப் பெரிய ஆறுதல் எந்த அறிவுரையில் இருக்கிறது?

இப்படிப்பட்டவருக்குத் துயரமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய ஒரே மகன் தீத்தாரப்பன், தீபன் என்ற பெயரில் எழுதியவர், இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தி கேட்டுக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஒரு வெண்பா எழுதி அனுப்பினார். மகனை இழந்து உட்கார்ந்திருந்த தகப்பன் அந்த வெண்பாவில் தோய்ந்து, அதை எழுதிய நண்பரைக் கொண்டாடினார் என்று டி.கே.சி.யை அறிந்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, பிள்ளை செத்த வீட்டில் பாட்டு ரசிப்பா என்று. நான் அந்த நிகழ்ச்சியை வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேன். ஆயுள் முழுக்க அவர் நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது அன்றைக்கு அவருக்குத் திரும்பி வந்தது. தன் துயரத்தை நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணியும் பட்டு எழுதியிருக்கிறார் என்று டி.கே.சி. அந்த நாலடியில் கண்டார், அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். துயரம் போயிருக்காது. அதைச் சுமக்க இன்னொரு கை வந்தது.

அந்தச் சபைக்குப் போய்வந்த இடைசெவல் நண்பர்களும் அதே வழியில்தான் வாழ்ந்தார்கள். காசநோயில் கி.ரா. கிடந்த காலமும் உண்டு, அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்கும் மலாயாவுக்கும் போன காலமும் உண்டு. கி.ரா.வுக்கு அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன. இரண்டு கரிசல்காட்டு இளைஞர்கள் வறுமையிலும் நோயிலும் மனம் உடையாமல் நின்றதில் தபால்காரருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு மனிதர் இன்னொருவரைத் தாங்கி நிறுத்துவது கடிதம் இல்லாமலும் நடக்கும். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தைப் பாருங்கள். பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயல் இழந்தார். ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சையோடு தைரியமும் கொடுத்தவர் மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல். 1981இல் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக ராமகிருஷ்ணன் தொடங்கிய அமைப்புக்கு அந்த மருத்துவரின் பெயரைத்தான் வைத்தார். 2020இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. தன்னை எழுப்பி உட்காரவைத்த மனிதர் யார் என்பதை அவர் வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

அப்படி ஒரு மனிதர் வாய்க்காதவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்றும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கு அதில் பங்கு இருக்கிறது என்றும் சொல்கிறது. அதே 2025இன் இறுதியில் டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நார்ட், நானூறு ஆண்டு நடந்துவந்த கடிதப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது. அந்த வேலையை இனி ஒரு தனியார் நிறுவனம் பார்க்கும். இங்கே அஞ்சலட்டை இன்னும் 50 காசுக்குக் கிடைக்கிறது, இன்லாண்டு லெட்டர் இரண்டரை ரூபாய். வாங்க ஆளில்லை.

ஆகவே இந்தப் புத்தாண்டுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. உறக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வருகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கூடவே நீங்களும் உட்காருங்கள். மற்றவர்கள் ஒரு அஞ்சலட்டை வாங்குங்கள். நெடுநாளாகப் பேசாத ஒருவர் பெயரை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், பத்து வழிகள் வேண்டாம். உங்கள் ஊரில் என்ன நடக்கிறது, அவரை எப்போது நினைத்தீர்கள் என்று நாலு வரி போதும். கடைசி வரியில் டி.கே.சி.யைப் போல அழைப்பு வையுங்கள்: ஆனி மாதம் சாரல் தொடங்கும், குற்றாலத்துக்கு வந்து சேருங்கள், நான் காத்திருப்பேன். சொன்னபடி காத்திருங்கள். அந்த மனிதர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆனி மாதம் வரை இருந்தாக வேண்டும் என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கட்டும்.