கதைப்புத்தகத்தைப் பிடுங்கியவர்கள் நாம்

பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில் நம் வீடுகளில் சில காரியங்கள் சொல்லி வைத்தாற்போல் நடக்கும். கேபிள் இணைப்பைத் துண்டிப்போம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு இனி இரண்டு வருஷம் அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர்தான் போவது என்று முடிவாகும். அலமாரியில் இருக்கும் கதைப்புத்தகங்கள் பரணுக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போகும். முதல் இரண்டையும் பிற்பாடு சொல்லிச் சிரிப்போம். மூன்றாவதைச் செய்தோம் என்பதே நமக்கு ஞாபகம் இருக்காது.

இதைச் செய்கிறவர்கள் புத்தக வாசனையே அறியாதவர்கள் என்றால் மன்னித்துவிடலாம். ஆனால், செய்வது நாம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது இரும்புக்கை மாயாவியைப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தபோது, இன்றைக்கு உனக்கு நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொண்டவர்கள். கொஞ்சம் வளர்ந்ததும் கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி, விவேக்-ரூபலா என்று துப்பறியும் நாவல் பாத்திரங்களை ஜோடி ஜோடியாகப் பரிச்சயம் செய்துகொண்டவர்கள். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவலை வாங்கிவந்து, பரீட்சைக்கு முந்தின வாரத்திலும் ஒரு மணி நேரம் அதில் காணாமல் போய், திரும்பி வந்து படித்து, தேறி, வேலைக்கும் போனவர்கள். நாம் ஏறிவந்த படிகளில் அந்த நாவல்களும் இருந்தன. மேலே வந்ததும் நம் பிள்ளைகளுக்கு அவற்றை மட்டும் உருவிவிட்டோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாதா? காலையிலிருந்து சூத்திரங்களையும் ஆண்டுகளையும் பிடித்துவைத்திருந்த மனசு, அவற்றை இறக்கிவைத்துவிட்டு வேறொரு கேள்வியின் பின்னால் போனது. கொலை செய்தது யார்? இதற்கு மதிப்பெண் கிடையாது. குறிப்பு எடுக்க வேண்டாம், நாளைக்கு நினைவிலிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கடைசிப் பக்கத்தில் விடை வந்துவிடும், புத்தகத்தை மூடிவிடலாம். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் அடியைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தி, ஊறவிட்டு, அப்புறம் மறுபடி போடுவோமே, அவ்வளவுதான் விஷயம். கிணற்றுக்குக் காட்டிய அந்தப் பொறுமையைப் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் காட்டவில்லை.

கதை போன இடம் சும்மா கிடக்கவும் இல்லை. அங்கே செல்போன் வந்து உட்கார்ந்தது. “அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுத்துக்கோ” என்று நாமே எடுத்துக் கொடுத்தோம். மாத நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கோவையில் பஸ் ஏறினால் ஈரோடு வருவதற்குள் முடிந்துவிடும். ரீல்ஸுக்குக் கடைசி என்பதே கிடையாது. முடிவுள்ள ஒன்றைப் பறித்து முடிவில்லாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, “இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கவனமே நிக்கறதில்லை” என்று ஆசிரியர்-பெற்றோர் கூட்டத்தில் புலம்புகிறோம்.

பள்ளிக்கூடத்திலும் நாம்தான் இருக்கிறோம். கால அட்டவணையில் நூலகத்துக்கென்று ஒரு பாடவேளை இருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் அதைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். ஜனவரிக்குப் பிறகு அந்த அறையைத் திறக்க யாருக்கும் நினைப்பு வராது. பாடத்திட்டத்தில் கதையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புத் தமிழில் விரிவானமாக கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. கரிசல் மண்ணின் கதைசொல்லியை வகுப்புக்குள் கூட்டிவந்ததற்குப் பெருமைப்படலாம். ஆனால் வகுப்பில் அதை எப்படி நடத்தினோம்? “இது எட்டு மார்க் கேள்வி, உட்தலைப்புப் போட்டு எழுதிப் பழகு” என்றோம். கதை கேட்கிற காதை, விடை எழுதுகிற கையாக மாற்றிவிட்டோம்.

பதினோராம் வகுப்புப் பாடத்தையே தாண்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருஷம் நடத்திய பள்ளிகளுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியதும் நாம்தான். அந்தக் கூத்து முற்றிப்போய், 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதோடு 2025 வரை பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷமும் தொடர்ந்து பொதுத்தேர்வு என்றிருந்தது. 2017 முதல் நீட் தேர்வும் சேர்ந்துகொண்டது. ஒரு பிள்ளையின் பதினைந்தாம் வயதிலிருந்து பதினெட்டாம் வயது வரை, கதை படிக்க நேரம் என்று ஒரு மாதம்கூட நம் கணக்கில் இல்லை. பள்ளிக் கல்வித்துறை 2022-இல் மாணவர்களுக்கென்று இரண்டு இதழ்கள் தொடங்கியது. நல்ல முயற்சி. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பது வரை ‘தேன்சிட்டு’. ஒன்பதோடு நின்றுவிட்டது. பத்தாம் வகுப்புக்காரனுக்கு எதற்குக் கதை என்று துறைக்குக் கற்றுக்கொடுத்தது நம் வீடுகள்தானே?

நூலகத்துக்குப் போவோம். நாடு விடுதலையான மறுவருஷமே, 1948-இல், பொது நூலகங்களுக்கென்று சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்துவரியில் ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகக் கட்டுகிறோம். அந்தக் காசில் நம் தெருமுனைக் கிளை நூலகத்துக்கு என்ன புத்தகம் வந்தது என்று ஒருநாளாவது போய்க் கேட்டோமா? மாவட்ட மைய நூலகங்களில் இன்று உட்கார இடமில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே வந்து இடம்பிடிக்கிறார்கள். 2022-இல் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். நூலகத்தில் இடம்பிடித்தவர்கள் டீ குடிக்க வெளியே போகிறார்கள், செல்போனைப் பார்க்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். பத்தடி தூரத்தில் நாவல் அலமாரி இருக்கிறது. அதன் பக்கம் போனால் குற்றம் என்ற பயத்தைப் பள்ளியிலேயே அவர்களுக்கு ஊட்டிவிட்டோம். நூலையும் நூலாசிரியரையும் பொருத்துக என்றால் தயங்காமல் பொருத்திவிடுவார்கள். பொருத்திய நாவலில் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இலக்கியம் பேசுகிற நமக்கும் இதில் பங்குண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்தே துப்பறியும் நாவல் என்றால் முகம் சுளிப்பது நம் வழக்கம். ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார் என்றால், அந்த எண்ணிக்கையை வைத்துக் கிண்டல்தான் செய்தோம். எழுத்துக்கூட்டிப் படித்த எத்தனை பேரை அந்த நாவல்கள் வேகமாகப் படிக்கிறவர்களாக ஆக்கின என்று கணக்குப் பார்க்கவில்லை. 2008-இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று இந்த வகைக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொகுப்பாகப் போட்ட பிறகுதான், இவற்றிலும் ஏதோ இருக்கிறது போலும் என்று நம்மில் சிலர் திரும்பிப் பார்த்தோம். படித்தால் தல்ஸ்தோயைப் படி, இல்லாவிட்டால் படிக்கவே படிக்காதே என்பது போலப் பேசினோம். ரிவிஷன் டெஸ்டுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் நடுவே, எந்தப் பிள்ளை ‘போரும் அமைதியும்’ படிக்கும்?

மாத நாவல்களின் அட்டைப்படங்களை வீட்டில் வைக்க முடியாது என்பார்கள். அதில் நியாயம் உண்டு. சில கதைகளும் பதினைந்து வயதுக்கானவை அல்ல. அப்படியானால் அந்த வயதுக்கேற்ற கதைகளை நாம் உருவாக்கியிருக்க வேண்டும். வாண்டுமாமாவும் அழ. வள்ளியப்பாவும் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதிக் குவித்தார்கள். பெரியவர்களுக்கு வாராவாரம் தொடர்கதைகள் வந்தன. பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவே இருப்பவனுக்கென்று தமிழில் மர்மமும் சிரிப்பும் சாகசமுமாக எழுதியவர்கள் எத்தனை பேர்? எழுதியிருந்தாலும் நாம் வாங்கியிருப்போமா என்பது வேறு கேள்வி. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா நின்றபோது பழைய அட்டைகளைப் பகிர்ந்து கண்ணீர் விட்டோம். நிற்பதற்கு முந்தின வருஷங்களில் நம்மில் எத்தனை பேர் வீட்டுக்குச் சந்தா கட்டினோம்? புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறோம். பை நிறைய வினா வங்கியும் பொது அறிவுப் புத்தகமும் வாங்கித் திரும்புகிறோம். காமிக்ஸ் ஸ்டாலில் நிற்பவர்களைப் பாருங்கள், தலை நரைத்த நாமே நிற்கிறோம். நமக்காக வாங்குகிறோம்.

நேரமே இல்லை என்ற சமாதானத்தையும் நாம் கைவிட வேண்டும். சாப்பிட்டதிலிருந்து படுக்கப் போகும் வரை பிள்ளை செல்போனில் தள்ளும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாலே போதும், வாரத்துக்கு ஒரு நாவல் முடிந்துவிடும். விடிய விடியக் கதையே படித்து, மறுநாள் பரீட்சையைக் கோட்டைவிடுகிற பிள்ளையும் இருப்பான். அவனுக்கு அளவு சொல்லிக்கொடுப்பது நம் வேலை. அந்த வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கதவைச் சாத்தினோம்.

திருத்திக்கொள்ளப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பள்ளி நூலக அறையை ஜனவரி தொடங்கி மார்ச் வரை பூட்டாமலிருந்தால் போதும். மைய நூலகத்தில் போட்டித் தேர்வுப் பிரிவை ஒட்டி, மெலிந்த நாவல்களாகப் பார்த்து ஒரு தட்டு அடுக்கினால் போதும். வீட்டில், எந்தக் கதை என்பதைப் பிள்ளையே எடுக்கட்டும். படித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று கேட்டு அதையும் ஒரு பாடமாக்க வேண்டாம். வாசித்தால் அறிவு வளரும், மொழி வளரும், மதிப்பெண் கூடும் என்று ஆதாயக் கணக்குச் சொல்லவும் வேண்டாம். அலுத்துப்போன பிள்ளை ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தது என்பதே போதுமான காரணம். பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைப்போம். யாரும் சொல்லாமலே பிள்ளை ஒன்றை எடுத்துப் பிரிக்கும்போது, கடிகாரத்தைப் பார்க்காமல் நாமும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொன்றைப் பிரிப்போம்.