மக்குப் பிள்ளையா, மக்குப் பள்ளிக்கூடமா?

நம் நாட்டில் ஒரு பிள்ளையை மக்கு என்று தீர்மானிப்பதற்கு அதிக ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. புஸ்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று வாசிக்க வேண்டும். உபாத்தியாயர் சொல்வதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். இந்த இரண்டும் வராவிட்டால் அவன் மக்கு. வராததோடு எதிர்க்கேள்வியும் கேட்பானேயானால் அவன் மக்கு மாத்திரமல்லாமல் போக்கிரியும் ஆகிவிடுவான். வாசிக்கவே வராதவனுக்கு அறிவு எங்கிருந்து வரும் என்று நன்றாகப் படித்தவர்களே நம்மிடம் கேட்கிறார்கள். வாசிப்பு வராத பிள்ளைக்கு வகுப்பிலுள்ள மற்றெல்லோரையும் விட அதிக அறிவு இருக்கக் கூடும் என்பது இன்று நேற்று கண்ட சங்கதியல்ல.

1896-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் சீஃபோர்டு என்னும் கடற்கரை ஊரில் பிரிங்கிள் மார்கன் என்கின்ற வைத்தியர், பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் எழுதினார். பையனுக்குக் கண் பார்வையில் குற்றமில்லை. 7 வயது முதல் பள்ளியிலும் தனி உபாத்தியாயர்களிடத்திலும் படித்து வந்தவன். அப்படியிருந்தும் ஓரசைச் சொல்லைக்கூட எழுத்துக் கூட்டித்தான் தட்டுத் தடுமாறி வாசிப்பான். தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெஸி' என்று எழுதினான். அதிலுள்ள பிழையும் அவனுக்குத் தென்படவில்லை. ஆனால் 749-ஐ 867-ஆல் பெருக்கு என்றால் சீக்கிரமாகவும் சரியாகவும் பெருக்கிவிடுவான். பாடம் முழுவதையும் வாயால் சொல்லிக் கொடுப்பதாயிருந்தால் இவனே இந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் கெட்டிக்காரன் என்பது அவனுடைய உபாத்தியாயரின் அபிப்பிராயம். வைத்தியர்கள் அப்போது இதற்குச் சொற்குருடு என்று பெயர் வைத்தார்கள். இன்று டிஸ்லெக்ஸியா என்றும், சர்க்கார் தஸ்தாவேஜுகளில் கற்றல் குறைபாடு என்றும் சொல்கிறார்கள்.

சீஃபோர்டு சங்கதி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சில மாதங்களுக்கு முன் ஒரு சிற்றூரில் நமது கூட்டம் முடிந்த பிறகு, மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழில் செய்யும் ஒரு தோழர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினோரு வயது. ஓடுகின்ற பம்புசெட்டின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று தகப்பனுக்கு முன்னால் சொல்லிவிடுவானாம். பாடத்தை ஒரு தரம் யாராவது உரக்கப் படித்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வானாம். நாலாம் வகுப்பு வரையில் பக்கத்துப் பையன்கள் படிப்பதைக் காதால் கேட்டு நெட்டுருப் போட்டு, புஸ்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிப்பவன் போலவே ஒப்புவித்து வந்திருக்கிறான். ஒரு நாள் வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடத்தை ஒப்புவித்தபோது குட்டு வெளிப்பட்டுவிட்டது. உபாத்தியாயர் என்ன நினைத்திருக்க வேண்டும்? எழுத்தே தெரியாமல் நாலு வருஷம் ஒரு வகுப்பையே ஏமாற்றிய பையனுக்கு எவ்வளவு ஞாபகசக்தியும் புத்தியும் இருக்க வேண்டும் என்று ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். அவரோ திருட்டுப் பயல் என்று சொல்லிக் கடைசி பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டார். அது முதல் பையன் வகுப்பில் அடிதடிக்காரன் ஆகிவிட்டான்.

தகப்பனார் சரஸ்வதி கோயிலில் பேனா வைத்துப் பூசை செய்தார், தாயத்துக் கட்டினார், வல்லாரை லேகியம் கொடுத்தார். கடைசியில் ஜோசியன் ஒருவன், முன் ஜன்மத்தில் இவன் வித்தையைத் திருடியவன், அதனால் இந்த ஜன்மத்தில் வித்தை ஏறாது என்று சொல்லி அதற்கும் காசு வாங்கிக்கொண்டான். "முன் ஜன்மப் பாவம் என்கிறார்களே அய்யா, உண்மையாயிருக்குமா?" என்று அவர் நம்மைக் கேட்டார். பிரமன் தலையில் எழுதிய எழுத்தை வாசித்துச் சொல்ல இந்த நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு பையன் கையால் எழுதிய எழுத்தைப் பார்த்து அவன் எங்கே தவறுகிறான், ஏன் தவறுகிறான் என்று வாசித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கண் கெட்டதாலும் புத்தி கெட்டதாலும் இது வருவதில்லை. பேச்சிலுள்ள சப்தங்களைத் தனித்தனியாகப் பிரித்து, அந்தந்தச் சப்தத்தை அந்தந்த எழுத்தோடு பொருத்துகின்ற வேலை மூளையில் இவர்களுக்குச் சுலபமாக நடப்பதில்லை. குடும்பத்தில் வழிவழியாகவும் வரக்கூடியது. நமது எழுத்தையே பாருங்கள். 'கொ' என்பதில் ககரத்தின் ஒலி முன்னால், ஒகரத்தின் ஒலி பின்னால். எழுதும்போதோ கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். ன, ண, ந என்றும் ல, ள, ழ என்றும் இருப்பது போதாதென்று 'லை'க்கும் 'னை'க்கும் தும்பிக்கை வேறு வைத்திருந்தார்கள். பெரியார் 1935-ல் 'குடி அர'சில் அதை வெட்டிக் காட்டினார். சர்க்காருக்கு அதை ஏற்றுக்கொள்ள 1978 வரையில் ஆயிற்று. எழுத்து மனிதனுக்காக ஏற்பட்ட ஆயுதமே தவிர, எழுத்துக்காக மனிதன் ஏற்படவில்லை என்பதை நம் பண்டிதர்கள் சுலபத்தில் ஒப்புக்கொள்வதில்லை.

இந்தப் பிள்ளைகளிடத்தில் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அறிவு குறையை மறைத்துவிடுகிறது. குறை அறிவை மறைத்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மூடிக்கொள்வதால் மார்க்கு நடுத்தரமாக வருகிறது. உபாத்தியாயர் 'சுமார்' என்று எழுதிவிடுகிறார், காரியம் தீர்ந்தது. பெண்ணாயிருந்தால் இன்னும் மோசம். பையனாவது கலகம் செய்து தன்னைக் காட்டிக்கொள்கிறான். பெண்ணோ பேசாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். படிப்பு ஏறவில்லை, கல்யாணத்தைப் பண்ணிவிடு என்று வீட்டில் முடிவு செய்வதற்கு அந்தச் 'சுமார்' ஒன்றே போதும்.

குறையைக் கண்டுபிடித்த பின்பும் நம்மவர்கள் செய்கிற வைத்தியம் விசித்திரமானது. பையனுக்குக் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் பிரியமா? முதலில் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள், பிறகு அதைப் பார்க்கலாம் என்று சொல்லி, அவனுக்கு ஓடுகின்ற ஒரே காலையும் கட்டிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பு விஞ்ஞானம் கேட்கிற பையனுக்கு நாள் முழுவதும் ஒன்றாம் வகுப்பு அரிச்சுவடி! அவன் மேஜையைத் தட்டாமல் வேறு என்னதான் செய்வான்? விஞ்ஞானத்தை அவன் வயதுக்கும் அறிவுக்கும் தக்கபடி வாயாலும் செய்முறையாலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். வாசிப்பைத் தனியாக ஒரு வேளையில், சப்தம் சப்தமாகப் பிரித்து, ஒழுங்கு முறையாகக் கற்பிக்க வேண்டும். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, வாயால் சொல்லி, விரலால் எழுதிப் படிக்கும் முறையை அமெரிக்காவில் 1920-களில் இருந்து ஆர்ட்டன் என்ற வைத்தியரும் பின்னர் கில்லிங்ஹாம் என்ற அம்மையாரும் வகுத்தார்கள். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில் விரலை வைத்து உரக்கச் சொல்லித்தான் எழுதினார்கள். இதைப் பழமையைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அந்தத் திண்ணையில் யாரார் ஏற முடிந்தது, யாரார் தெருவோடு போக வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியும்.

அடித்தால் திருந்துவான் என்பது அடுத்த வைத்தியம். "கண்ணிரண்டையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உரித்துவிடுங்கள்" என்று பெற்றோரே உபாத்தியாயரிடத்தில் ஒப்படைத்த நாடு இது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடுத்துவிட்டது. பிரம்பு பெரும்பாலும் மறைந்தது. மக்கு என்ற சொல் மறையவில்லை.

இன்னொரு கூட்டத்தார் இரக்கப்படுகிறார்கள். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தைப் பார்த்து அழாதவர் இல்லை. நல்ல படந்தான். ஆனால் அதில் பையன் சித்திரப் போட்டியில் பரிசு வாங்குகிறான். பரிசு வாங்காத பிள்ளைக்கு என்ன கதி? ஐன்ஸ்டீனுக்கும் இந்தக் குறை இருந்தது என்று சொல்லிச் சிலர் சமாதானம் செய்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. நல்ல காரியத்துக்காகவானாலும் பகுத்தறிவுக்காரர்கள் புராணம் கட்டக்கூடாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் 7 குறைபாடுகள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ம் வருஷத்துச் சட்டத்தில் அது 21-ஆகி இதுவும் சேர்ந்தது. இந்தக் குறையைக் கூடிய சீக்கிரத்தில் கண்டுபிடிக்க வேண்டியது பள்ளிக்கூடத்தின் கடமை என்றும் அதில் எழுதியிருக்கிறது. சான்றிதழ் உள்ள பிள்ளைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைக்கும். உடனே தகுதி என்னாவது, திறமை என்னாவது என்று ஒரு கூச்சல் கிளம்புகிறது. இந்தக் கூச்சல் நமக்குப் பழக்கமானது. 1928-ல் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்து வகுப்புவாரி உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தபோதும் இதே தகுதியும் திறமையும்தான் பேசப்பட்டன. ஒருவனுக்கு மின்சாரத்தைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அறியத்தானே அந்தப் பரீட்சை? வாயால் சொன்னால் அந்த அறிவு குறைந்துவிடுமா? கையெழுத்தின் வேகத்தைச் சோதிப்பதுதான் நோக்கமென்றால் அதற்கு விஞ்ஞானப் பரீட்சை என்று பெயர் வைப்பானேன்?

ஆனால் அந்தச் சான்றிதழ் யார் கைக்குப் போகிறது? பட்டணத்தில் பணமும் இங்கிலீஷும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் டிஸ்லெக்ஸியா. கூலிக்காரன் பிள்ளைக்கு வந்தால் மக்கு. குறை ஒன்றுதான், பெயர்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. சோதனைக்குப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் பல தடவை அலைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டினால் அந்த மோட்டார்த் தோழர் அன்று எதைச் சாப்பிடுவார்? சோதிக்கிறவர்கள் பள்ளிக்கூடத்தைத் தேடி வரவேண்டும். பயிற்சி பெற்ற உபாத்தியாயர் ஒருவராவது ஒவ்வொரு ஒன்றியத்திலும் வாசிப்பு வேலைக்கென்றே இருக்க வேண்டும். சான்றிதழ் வரும் வரையில் பிள்ளையின் படிப்பு காத்துக்கொண்டிருக்கக்கூடாது.

அந்தத் தோழரிடத்தில் சட்டத்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தலைமை உபாத்தியாயரிடம் காட்டச் சொன்னோம். தாயத்தைக் கழற்றும்படியும் சொன்னோம். பையன் அதை அப்போதே கழற்றி, தகட்டைப் பிரித்து, இது செம்பு, காயிலுக்கு உதவாது என்றான்.