நம்பாதவர்களும் வரிசைக்கு வரவேண்டும்

"யார் வந்தாலும் இதே கதைதான்" என்று வாக்களிக்கப் போகாதவர்களின் கசப்பு எனக்குப் புரிகிறது. அதற்குக் காரணங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்தக் கசப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. 2016இல் ராதாபுரம் தொகுதி முடிவை அறிவித்தபோது வித்தியாசம் வெறும் 49 வாக்குகள். ஒரு தெரு போதும்! 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில், முதல்வர் பதவிக்குப் பேசப்பட்ட சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். எவரையும் பிடிக்கவில்லையா? 2013 முதல் நோட்டா இருக்கிறது. அது யாரையும் தோற்கடிக்காது, உண்மை. ஆனாலும் அந்த மறுப்பு எண்ணப்படுகிறது, பதிவாகிறது. அரசின் மேல் சந்தேகம் உள்ளவர்கள்தான் முதல் ஆளாக வரவேண்டும். அவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் தொகுதியில், பணம் கொடுத்து வாங்கிய சில நூறு வாக்குகளே வெற்றியைத் தீர்மானித்துவிடும்.