ஒரே ராத்திரி விடுதலையாம்!

போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு கன்வென்ஷன் நடந்தது. கடைசி நாள் மேடையில் ஒருவரை நிறுத்தினார்கள். வருடக்கணக்கில் குடித்தவராம். முந்தின இரவு கை வைத்து ஜெபித்ததோடு குடி போய்விட்டதாம். கூட்டம் அல்லேலூயா என்றது. ஊழியக்காரர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “டாக்டர் கொடுத்த மாத்திரையெல்லாம் இப்ப எங்கே?” என்று கேட்டார். “தூக்கி எறிஞ்சிட்டேன் ஐயா.” முன்னதைவிடப் பெரிய அல்லேலூயா எழுந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து பெரியாஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்து, “அப்போ எங்க வீட்டுக்காரருக்கும் இதை நிறுத்திரலாமாண்ணே?” என்று கேட்டாள். நிறுத்தாதம்மா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மேடையைப் பார்த்தாள். மேடைக்கு ஒலிபெருக்கி இருந்தது, எனக்கு இல்லை.

நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். விசுவாசத்தால் குடியை விட்டவர்களை என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். மனந்திரும்புதல் என்று ஒன்று உண்டு, மனிதனை அடியோடு மாற்றக்கூடியது அது. அதனால்தான் மேடையில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குடி ஒரே ஜெபத்தில் போக வேண்டும், போகவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை, மாத்திரை விழுங்கினால் ஆண்டவரை நம்பவில்லை என்று நம் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எந்த அப்போஸ்தலர்?

டாக்டர் பாப் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில் அறுவை சிகிச்சை நிபுணர், முழுப்பெயர் ராபர்ட் ஸ்மித். உலகம் முழுக்கக் குடிநோயாளிகளை மீட்டுக்கொண்டிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தின் இரு நிறுவனர்களில் ஒருவர். ஜெபத்தால் குடி போகும் என்று மேடையேறுகிறவர்கள் இந்த மனிதரின் கதையை ஒரு தடவையாவது முழுசாகப் படிக்க வேண்டும். மற்றொரு நிறுவனரான பில் வில்சனைச் சந்திப்பதற்கு முன் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக் காலம் அவர் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ ஐக்கியத்தில் இருந்தார். ஃபிராங்க் புக்மன் என்ற லுத்தரன் போதகர் தொடங்கிய இயக்கம் அது. பாவ அறிக்கை, அமைதி வேளை, வேத வாசிப்பு, கூட்டு ஜெபம் எல்லாம் அங்கே உண்டு. டாக்டர் பாப் அத்தனையும் செய்தார். மனைவி ஆன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபித்தார். அவரோ ராத்திரிதோறும் குடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டரை ஆண்டு! அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்த ஊழியக்காரராவது சொல்லத் துணிவாரா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஜெபக் குழுவிடமே அவர் தன் குடியை நெடுநாள் மறைத்துவைத்தார். பரிசுத்தவான்கள் கூடியிருக்கிற அறையில் தோற்றவன் எப்படி வாய் திறப்பான்? கடைசியில் ஒருநாள் அவர் உண்மையைச் சொன்னதும் எல்லாரும் முழங்காலிட்டு அவருக்காக ஜெபித்தார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்தது என்ன? வானத்திலிருந்து அக்கினி வரவில்லை. நியூயார்க்கிலிருந்து இன்னொரு குடிகாரர் வந்தார். வியாபாரம் முறிந்து, கையில் காசில்லாமல், மேஃபிளவர் ஓட்டலில் நின்றுகொண்டு, பார் பக்கமிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துபோய், பேசுவதற்கு இன்னொரு குடிகாரன் வேண்டும் என்று சபைகளுக்குப் போன் போட்ட பில் வில்சன்தான் அவர். 1935 மே மாதம் இருவரும் சந்தித்தார்கள். கால் மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் டாக்டர் பாப் போனார். இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெபம் என்றால் அந்தப் போனும் ஜெபம்தான். ஆனால் டாக்டர் பாபின் ஜெபத்துக்குப் பதில் ஒரு மனிதனின் உருவத்தில் வந்தது, அதுவும் இரண்டரை ஆண்டு கழித்து.

அத்தோடு முடிந்ததா? இல்லை. சில வாரத்தில் அட்லாண்டிக் சிட்டியில் மருத்துவர்கள் மாநாடு. டாக்டர் பாப் போனார், மறுபடியும் குடித்தார், தள்ளாடி வீடு வந்து சேர்ந்தார். நம் ஊராக இருந்தால் ‘பின்வாங்கிப் போனவன்’ என்று பெயர் வைத்து ஒதுக்கியிருப்பார்கள். பில்லும் ஆனும் அவர் பக்கத்திலேயே இருந்து கவனித்தார்கள். ஜூன் 10 காலையில் அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், கை நடுங்குகிறது. அப்போது பில் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பாட்டில் பீரைக் கொடுத்தார். கை நிலைபெற வேண்டும் என்பதற்காக, எண்ணி, அளந்து, ஒரே ஒரு பீர். அதுதான் டாக்டர் பாப் குடித்த கடைசி மது என்பார்கள். 1950 நவம்பரில் சாகும்வரை அவர் மறுபடி தொடவில்லை. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. கடவுளைக் கூப்பிட்டு எழுந்த ஒரு மாபெரும் இயக்கத்தின் பிறந்தநாளில் ஒரு பீர் பாட்டில் இருக்கிறது. நடுங்கும் உடம்புக்கு என்ன தேவை என்பதை அந்த விசுவாசிகள் வெட்கப்படாமல் கவனித்தார்கள். இன்றைக்கு யாரும் பீர் கொடுக்க வேண்டியதில்லை, அந்த வேலைக்குத்தான் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுக்கிறார். அதைத்தான் மேடையில் தூக்கி எறியச் சொல்கிறார்கள்.

தூக்கி எறிந்தால் என்ன ஆகும் என்று யாராவது அந்த ஊழியக்காரருக்குச் சொல்லியிருக்கிறார்களா? வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தம் கலங்கலாம். காய்ச்சல், வியர்வை, கை கால் நடுக்கம், சுவரில் பூச்சி ஊர்வதுபோல, அறை மூலையில் யாரோ நிற்பதுபோலத் தோற்றங்கள். கவனிக்காவிட்டால் உயிர் போகும். இது எல்லா மருத்துவப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. நம் ஜெப வீடுகளில் நடப்பது என்ன? மூன்று நாள் உபவாச ஜெபம். எந்த மூன்று நாளில் ஆபத்து உச்சத்தில் இருக்குமோ அதே மூன்று நாள்! ஏற்கெனவே சத்தில்லாமல் வந்த உடம்பைப் பட்டினி போடுகிறார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைந்தால் குடிப்பவரின் மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம், பெற்ற பிள்ளையின் பெயர்கூட மறந்துபோகலாம். அதைத் தடுப்பதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அந்த ஊசியைப் போடுகிறார்கள். ஜெப வீட்டிலோ அவர் மூலையைக் காட்டி அலறினால் பிசாசு வெளியேறுகிறது என்கிறார்கள், வலிப்பு வந்து விழுந்தால் கட்டு அறுந்தது என்கிறார்கள். அலறலும் விழுதலும் வெறும் நோய்க்குறி. பாடப் புத்தகத்தில் மணிக்கணக்கோடு எழுதியிருக்கிற நோய்க்குறி.

உடனே பில் வில்சனைக் காட்டுவார்கள். அவருக்கு ஒரே நொடியில் நடந்ததே, அறை முழுக்க வெளிச்சம் வந்ததே, அதன்பின் அவர் குடிக்கவே இல்லையே என்பார்கள். உண்மைதான். எங்கே நடந்தது? 1934 டிசம்பரில், நியூயார்க்கில், டவுன்ஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில்! குடிக்காகவே நான்காவது முறையாக அங்கே சேர்ந்திருந்தார். மருந்து உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது, வில்லியம் சில்க்வொர்த் என்ற மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டு அந்த மருத்துவர் சிரிக்கவில்லை, உனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, கிடைத்ததை விடாமல் பிடித்துக்கொள் என்ற பொருளில் தைரியம் சொன்னார். பின்னாளில் ஏ.ஏ.வின் புத்தகம் 1939-ல் வந்தபோது அதன் தொடக்கத்திலேயே அந்த மருத்துவரின் கருத்துரையைப் போட்டார்கள். உலகத்திலேயே புகழ்பெற்ற குடிகாரரின் மனந்திரும்புதல் ஒரு டாக்டரின் கண்காணிப்பில் நடந்தது, டாக்டரின் சாட்சியோடு அச்சேறியது. அந்த வெளிச்சத்துக்குப் பிறகும் பில் வில்சன் பல ஆண்டுகள் கடும் மனச்சோர்வில் கிடந்தார், மனநல மருத்துவரிடம் போனார். சிகரெட்டைப் பல ஆண்டுகள் அவரால் விட முடியவில்லை. 1971-ல் நுரையீரல் கெட்டுத்தான் இறந்தார். அவரிடம் போய் உமக்கு விசுவாசக் குறைவு என்று சொல்வார்களா?

அவருக்கு முதன்முதலில் நற்செய்தி சொன்ன எபி தாட்சர் அதற்குப் பிறகு பலமுறை சறுக்கி விழுந்தார். கடைசிவரை அவரைத் தன் வழிகாட்டி என்றே பில் சொல்லிவந்தார். சறுக்கியவர் சொன்னதால் சொன்னது பொய்யாகிவிடவில்லை.

வேதாகமத்தில் நல்ல சமாரியன் என்ன செய்தான்? குற்றுயிராய்க் கிடந்தவனிடம் உனக்கு விசுவாசம் உண்டா என்று கேட்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், மறுநாள் காசு கொடுத்து இவனைப் பார்த்துக்கொள் என்றான், கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். உவமை முழுக்கச் செலவும் பராமரிப்பும்தான். பவுலடியார் தன்னை வருத்திய முள்ளை எடுத்துவிடும்படி மூன்றுமுறை வேண்டினார், முள் போகவில்லை, தாங்குகிற கிருபைதான் வந்தது. பவுலுக்கே அப்படி. எங்கள் ஊர் கொத்தனாருக்கும் டிரைவருக்கும் மட்டும் ஒரே ராத்திரியில் போக வேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்?

இந்த உபதேசம் செய்கிற கொடுமையைக் கடைசியில் சுமப்பவர்கள் பெண்கள். குடி போனால் ஊழியக்காரரின் அபிஷேகம். போகாவிட்டால் மனைவியின் ஜெபம் போதவில்லை, வீட்டில் சமாதானம் இல்லை, அவள் வாய் நீளம். தாலிக்கொடியை அடகு வைத்துக் காணிக்கை போட்டவளிடம் இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது? நம்பி நம்பித் தோற்றபின் அவள் அடுத்துப் போவது, ‘அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்கிற பொடிக்காரனிடம். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு, குடித்தால் ஒத்துக்கொள்ளாதபடி செய்வது. நோயாளிக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுத்து அவர் மேலே ஒரு குவார்ட்டர் அடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து சாகலாம். அதுவும் சரிவராவிட்டால் கம்பிக் கதவு போட்ட ‘மறுவாழ்வு இல்லங்கள்’. அடி, உதை, சங்கிலி. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது, மதுவும் போதைப் பொருளும் தொடர்பான மனநலச் சிக்கல்களையும் மனநோய் என்பதற்குள் சேர்க்கிறது. சட்டம் வந்த பிறகும் சங்கிலிச் சத்தம் ஓயவில்லை. தமிழ்நாட்டு அரசாங்கமோ 2003 முதல் தானே கடை திறந்து சில்லறையில் மது விற்கிறது. விற்கிற அரசு அதே தெருவில் ஒரு குடிநோய் மருத்துவரையும் உட்காரவைக்க வேண்டாமா?

கிறிஸ்தவம் மருத்துவத்துக்கு எதிரானதல்ல. ஆக்ரனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி இருந்தார். குடிகாரர்களுக்கு அன்று ஆஸ்பத்திரிகள் எளிதில் இடம் தராது. 1939-ல் டாக்டர் பாப் அனுப்பிய குடிநோயாளியை அவர் இரைப்பை நோய் என்று பதிவு செய்து உள்ளே சேர்த்தார், பேசுவதற்குத் தனிமை வேண்டும் என்பதால் பூக்கள் ஒழுங்குபடுத்தும் சின்ன அறைக்குள் கட்டிலைத் தள்ளிவைத்தார். பிறகு அது தனி வார்டானது. ஆயிரக்கணக்கானோர் அதன் வழியாகத் தேறிப் போனார்கள், டாக்டர் பாப் அவர்களிடம் காசு வாங்கவில்லை. எனக்குத் தெரிந்த அற்புதம் அதுதான். நம் வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதும் அப்படிப்பட்ட விசுவாசத்தால்தான். மிஷன் ஆஸ்பத்திரிகளைக் கட்டிய சபையின் பிள்ளைகள் மாத்திரையைத் தூக்கி எறிந்தவனுக்குக் கைதட்டுகிறார்கள் என்றால், கட்டியவர்கள் கல்லறையில் புரள மாட்டார்களா?

கன்வென்ஷன் நடத்துகிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன். நேற்று விடுதலையானவரை மேடையேற்றாதீர்கள். ஓர் ஆண்டு போகட்டும், அவர் மனைவியைக் கேளுங்கள், பிறகு ஏற்றுங்கள். நடுவில் அவர் சறுக்கினால் அதையும் மேடையில் சொல்ல அனுமதியுங்கள். ஜெபிக்க வருகிறவரிடம் கடைசியாக எப்போது குடித்தீர்கள், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று கேட்க ஒரு நர்ஸை வாசலில் உட்காரவையுங்கள், ஆம்புலன்ஸ் நம்பரை எழுதி ஒட்டுங்கள். திருவிருந்தில் போதை ஏறாத திராட்சைச் சாற்றை வையுங்கள். உபவாசம் இருக்க ஆசைப்பட்டால் நீங்கள் இருங்கள், அவருக்குச் சோறு போடுங்கள். வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற சபை மண்டபத்தின் சாவியைப் பக்கத்து ஏ.ஏ. குழுவிடம் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்காவது கொடுங்கள், வாடகை வாங்காமல்.