நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெரிய வேண்டும்

இந்த வருஷம் சென்னை சூப்பர் கிங்ஸ் தேறுமா, தேறாதா? காலை நடைக்குப் போனால், டூப்ளே சிலையிலிருந்து பழைய சாராய ஆலை வரைக்கும் இதே பேச்சுதான். வேகப்பந்து போதாது என்கிறார் ஒருவர். ருதுராஜுக்குத் தலைமை வராது என்கிறார் இன்னொருவர். என்னைக் கேட்டால் ஒரே பதில்தான். ஆடும் பதினொரு பேரில் தோனி இல்லை என்றால் தேறும். இருந்தால் தேறாது.

கோபம் வருகிறதா? வரட்டும். கணக்கைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

2025-இல் 14 ஆட்டம், 4 வெற்றி, 10 தோல்வி. பத்து அணிகளில் பத்தாவது இடம். ஐந்து முறை கோப்பை வாங்கிய அணி கடைசி இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. சேப்பாக்கம் என்றால் எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும் என்று பெருமை பேசுவோமே, அங்கேயே வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றார்கள். கொல்கத்தாவோடு 20 ஓவரும் ஆடி 103 ரன். அவர்கள் அதைப் பத்து ஓவர் சொச்சத்தில் அடித்துவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள்.

பெங்களூரு ஆட்டம் நினைவிருக்கிறதா? 197 ரன் அடிக்க வேண்டும். விக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. தோனி வந்தது ஒன்பதாவது ஆளாக. அஸ்வினுக்கும் பின்னால்! ஆட்டம் கைநழுவிப் போன பிறகு இரண்டு சிக்ஸர் அடித்தார், ஊரே எழுந்து கைதட்டியது. 50 ரன்னில் தோல்வி. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதற்கு நாம் கைதட்டி வழியனுப்பி வைத்தோம். அவர் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் ஓடி ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் பிளெமிங்கே அடுத்த சில நாளில் சொல்லிவிட்டார். ஓட முடியாதவருக்கு ஓட்டப் பந்தயத்தில் இடம் எதற்கு?

அதே வருஷம் கொஞ்சம் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? யாருக்கோ காயம் பட்டு, மாற்று ஆளாக உள்ளே வந்த பையன்களிடமிருந்து. 17 வயது ஆயுஷ் மாத்ரே முதல் ஆட்டத்தில் 15 பந்தில் 32 அடித்தான். பெங்களூருவோடு 48 பந்தில் 94. தென்னாப்பிரிக்காக்காரன் டெவால்ட் பிரெவிஸ், குஜராத்தோடு 23 பந்தில் 57. உர்வில் பட்டேல் வந்த முதல் ஆட்டத்திலேயே 11 பந்தில் 31. இவர்கள் யாரையும் நிர்வாகம் திட்டம் போட்டு இறக்கவில்லை. காயங்களால்தான் கதவு திறந்தது. திறந்த கதவு வழியாக வந்தவர்கள்தான் கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்து மானத்தைக் காப்பாற்றினார்கள்.

நிர்வாகத்துக்கு இது புரியாமல் இல்லை. நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் 20 வயது பிரசாந்த் வீருக்கும் 19 வயது கார்த்திக் சர்மாவுக்கும் ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம். இரண்டு பேரும் இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்கள். அடிப்படை விலை 30 லட்சம். இதற்குப் பெயர்தான் அஸ்திவாரத்தைத் தோண்டிப் புதிதாகக் கட்டுவது. பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர் ஜடேஜா. 36 வயதில் அவரை அனுப்ப மனசு வந்தது. 44 வயதுக்காரரைக் கேட்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லையே, ஏன்? வீட்டை இடித்துக் கட்டும்போது நடுக்கூடத்துத் தூணை மட்டும் தொடாதே என்றால், கொத்தனார் எப்படி வீடு கட்டுவான்?

இன்னும் ஒரு கணக்கு. சஞ்சு விக்கெட் கீப்பர். கார்த்திக் சர்மா விக்கெட் கீப்பர். உர்வில் பட்டேலும் விக்கெட் கீப்பர். மூன்று பேரைக் காசு கொடுத்து வாங்கி வைத்துவிட்டு, கையுறையை நான்காவது ஆளிடம் கொடுப்பது என்ன நியாயம்? இம்பாக்ட் பிளேயர் விதி இருக்கிறதே என்பார்கள். அந்த விதியில் ஒருவர் பேட் மட்டும் பிடிக்கலாம், இல்லை பந்து மட்டும் போடலாம். ஆனாலும் பன்னிரண்டில் ஓர் இடம் போய்விடுகிறது. அந்த இடம் ஒரு பையனுடைய இடம்.

எதிர்வாதங்களை நானே சொல்லிவிடுகிறேன். முதலாவது, 2018-இல் கிழவர் படை என்று கேலி செய்தார்கள், கோப்பை வாங்கிக் காட்டவில்லையா? காட்டினார்கள். அந்த வருஷம் தோனி அடித்தது 455 ரன், வயது 36. அன்றைய கிழவர்கள் ஆடினார்கள், அதனால் ஜெயித்தார்கள். வயதுக்காக யாரும் கோப்பை கொடுக்கவில்லை.

இரண்டாவது, அவர் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு வழி தெரியும். இருக்கட்டுமே! பெஞ்சில் உட்கார்ந்து சொல்லட்டும். 2021 உலகக் கோப்பையில் இந்திய அணிக்கு அவரே ஆலோசகராகப் போனவர்தானே? அதற்கு பேட் எதற்கு, கையுறை எதற்கு?

மூன்றாவது, அவருக்காகத்தான் கூட்டம் வருகிறது, டிக்கெட் விற்கிறது. இதுதான் உண்மையான காரணம், மற்றதெல்லாம் பூச்சு. கடைக்குக் கூட்டம் வேண்டுமென்றால் கடையை நடத்துங்கள். அணி கட்டுகிறோம் என்று பெயர் வைக்காதீர்கள். தன் அணி வீரன் சீக்கிரம் அவுட் ஆகட்டும், தல வரட்டும் என்று சொந்த ரசிகனே வேண்டிக்கொள்கிறான். அந்த வீரனின் காதில் இது விழாதா?

நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள் இதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? 1998-இல் மத்திய அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக்கியது. மேலே இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். கீழே பதவி உயர்வுக்குக் காத்திருந்தவனுக்கு இரண்டு வருஷம் அப்படியே நின்றது. நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெற்ற மேலதிகாரி ஒருவர், பெயர் வேண்டாம், தினமும் பத்தரை மணிக்கு வந்து பழைய அறையில் உட்கார்ந்துகொள்வார். டீ வரும், வணக்கம் வரும். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குப் பின் வந்தவர் ஆறு மாதம் ஒரு கோப்பில்கூடத் தைரியமாகக் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த மனிதரின் முகத்தைத்தான் பார்த்தார். வந்தவருக்குத் திறமை இல்லாமல் இல்லை. உட்கார நாற்காலி இல்லை.

ருதுராஜும் அப்படித்தான். பெயர் அவருக்கு. கண்கள் எல்லாம் ஸ்டம்புக்குப் பின்னால்.

நம் ஊர் சொல்தாக்களைப் பாருங்கள். பிரெஞ்சுப் படையில் பதினைந்து வருஷம் முடித்து, பென்ஷனோடு ஊருக்கு வந்து, கௌரவமாக வாழ்ந்தார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்ததால் யாரும் அவர்களைக் குறைவாகப் பேசவில்லை.

நம் புதுச்சேரிக்கே இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2018-இல்தான் நமக்கு ரஞ்சிக் கோப்பையில் இடம் கிடைத்தது. முதல் வருஷமே அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பரஸ் டோக்ரா என்று வெளியூர் மூத்தவர்களைக் கொண்டுவந்தோம். ஆட்டம் தெரிந்தவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முத்தியால்பேட்டையிலும் வில்லியனூரிலும் பேட் பிடிக்கிற பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றுதான் அதைப் பார்த்தார்கள். இப்போது நம் அணித் தலைவர் அமன் கானை 40 லட்சத்துக்குச் சென்னை எடுத்திருக்கிறது. ஏலம் முடிந்த அதே மாதம் ஜார்க்கண்டோடு அவர் பத்து ஓவரில் 123 ரன் கொடுத்துவிட்டார். ஊரே சிரித்தது. ஒரு நாள் சொதப்பினால் பையனுக்குச் சிரிப்பு, ஒரு வருஷம் முழுக்கச் சொதப்பினால் பெரியவருக்குக் கைதட்டு. இதுதான் நம் நீதி!

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அதில் ஹூஸ்டன் அணி 2011, 2012, 2013 மூன்று வருஷமும் நூறு ஆட்டத்துக்கு மேல் தோற்றது. இளையவர்களை இறக்கிவிட்டுப் பொறுத்திருந்தார்கள். 2017-இல் கோப்பை வாங்கினார்கள். அதில் எதிரணியின் சைகையைத் திருடிய களங்கமும் பிறகு வெளியே வந்தது, அது வேறு கதை. பொறுத்த பாடம் மட்டும் நமக்குப் போதும்.

என் கணிப்பைச் சொல்கிறேன். சுழலுக்குக் குறையில்லை. போன வருஷம் 24 விக்கெட் எடுத்த நூர் அகமது இருக்கிறார், அகீல் ஹொசைனும் ராகுல் சாஹரும் சேர்ந்திருக்கிறார்கள். பதிரனாவை விட்டுவிட்டதால் கடைசி நான்கு ஓவர் இடிக்கும். பேட்டிங்கில் ருதுராஜ், சஞ்சு, மாத்ரே, பிரெவிஸ், துபே என்று நல்ல வரிசை. இளையவர்களை நம்பி இறக்கினால் நான்காவது, ஐந்தாவது இடம் வரை வரலாம். கோப்பை இந்த வருஷம் கிடையாது. கேட்கவும் கூடாது.

கேட்க வேண்டியது வேறு. பிரசாந்த் வீரும் கார்த்திக் சர்மாவும் இரண்டு ஆட்டம் சொதப்பினாலும் மூன்றாவது ஆட்டத்தில் இருக்க வேண்டும். 14 கோடி கொடுத்து வாங்கிய பையனைத் தண்ணீர் பாட்டில் தூக்க வைத்தால் பணத்தோடு அவன் வயதும் வீண். பணத்தை அடுத்த ஏலத்தில் சம்பாதித்துவிடலாம். இருபது வயது திரும்ப வராது.